பண்டிகை உதவி: வாங்குபவர் தலைகுனியாமல் கொடுப்போம்

(தீபாவளி உதவி நிதி பற்றிக் கலந்துபேசத் தோட்டத் தலைவர்மார், மாதர் பிரிவுத் தலைவிமார், இளைஞர் பிரதிநிதிகள் கூடிய கூட்டத்தில் மாதர் பிரிவு அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



அந்திக் கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பு உங்களுக்காகக் காத்திருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நமது தோட்டங்களில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு ஏதோ ஒரு உதவி செய்யத்தான் செய்கிறோம். ஆனால் எப்படிச் செய்கிறோம்? கடைசி வாரத்தில் ஞாபகம் வருகிறது. அவசர அவசரமாக உண்டியல் குலுக்குகிறோம். கோயில் வாசலில் உட்கார்ந்து அரை மணித்தியாலத்தில் பெயர்ப் பட்டியல் எழுதுகிறோம். தீபாவளிக்கு முதல் நாள் அந்தியில் ஒரு பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறோம். மறுநாள் காலையில், "அந்த வீட்டுக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று சண்டை வருகிறது. இந்த முறை ஏழு வாரம் கையில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுவோம் என்றுதான் இந்தக் கூட்டம்.

முற்பணம் போய்ச் சேராத வீடுகள்

முதல் கேள்வி, யாருக்குக் கொடுப்பது என்பது. இதற்குப் பதில் தேட வேண்டிய முதல் இடம் செக்ரோல். அதில் பெயர் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லவில்லை. பெயர் இல்லாதவர்களைப் பாருங்கள்.

தீபாவளி முற்பணம் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. பல தோட்டங்களில் அதற்கும் வேலை நாள் கணக்குப் பார்க்கிறார்கள். இத்தனை நாள் பேர் விழுந்திருந்தால் முழுத் தொகை, குறைந்தால் வெட்டு. அப்படியானால் முற்பணம் வாங்காத வீடுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்.

முப்பது நாற்பது வருடம் மலை ஏறி இறங்கி ஓய்வு பெற்ற பாட்டிமார், தாத்தாமார். சேமலாப நிதிக் காசு மகள் கல்யாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் எப்போதோ போய்விட்டது. பெயர் வெட்டப்பட்ட பிறகு அவர்களுக்கு முற்பணமும் இல்லை, கேட்க வாயும் இல்லை.

தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டே வெளியே மரக்கறித் தோட்டங்களில் கைக்காசு வேலை செய்பவர்கள். மழை பெய்தால் அவர்களுக்கு அன்றைக்குக் காசு இல்லை.

பெயர் இருந்தும் நாள் குறைந்தவர்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பிள்ளை பெற்றவர், மலையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். வருடம் முழுக்க உழைத்தவர்தான். கடைசி மூன்று மாதம் படுத்ததால் கணக்கில் தவறிவிடுவார்.

தாய் மத்திய கிழக்குக்குப் போய், தகப்பன் வேறு வழி போய், பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி வீடுகள். "வெளிநாட்டுக் காசு வருகிற வீடுதானே" என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அங்கே ஆறு மாதமாகக் காசு வரவில்லை என்பது பக்கத்துக் காம்பிராவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே, சம்பளத் துண்டு இருக்கிற வீட்டுக்கு முற்பணமாவது இருக்கிறது. அது போய்ச் சேராத இடத்தில் இருந்து நமது உதவி தொடங்க வேண்டும். இதை மட்டும் சரியாகச் செய்தாலே பட்டியலில் வருகிற பாதிச் சண்டை குறையும்.

முற்பணமும் ஒரு கடன்தான்

முற்பணம் வாங்குகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முற்பணம் வந்த நாளில் டவுனில் நம்மைப் பார்த்தால் பணக்காரர்கள் மாதிரித்தான் இருப்போம். துணிக்கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் அந்தக் காசு அடுத்த மாதத்தில் இருந்து சம்பளத்தில் மாதா மாதம் வெட்டப்படுகிறது. நமது உழைப்புக் காசையே முன்கூட்டி வாங்கிச் செலவழித்துவிட்டு, பிறகு குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறோம். அந்தக் குறைவை நிரப்ப நகையை அடகு வைக்கிறோம், நுண்கடன் வாங்குகிறோம்.

முற்பணம் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் பழைய வரலாறு உண்டு. நமது முன்னோர் இந்தியாவில் இருந்து கப்பல் ஏறியபோதே கங்காணியிடம் முற்பணம் வாங்கி, அந்தக் கடனோடுதான் வந்தார்கள். கடன் தீர்ந்தது என்று எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சட்டத்தில் இருந்து துண்டு போனாலும், பண்டிகை வந்தால் கடன் வாங்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? நாம் சேர்க்கும் நிதி இன்னொரு கடனாக மாறக் கூடாது. "இப்போது எடுத்துக்கொள், பிறகு கொடு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கொடுத்தால் கொடுத்ததுதான். கடன் கொடுக்கும் சீட்டு, சேமிப்புக் குழு எல்லாம் நல்ல விஷயங்கள். அவற்றைத் தனியாக நடத்துவோம். பண்டிகை நிதியோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

பட்டியலை எழுதுவது யார்?

பட்டியலைத் தலைவர் ஒருவர் மட்டும் எழுதக் கூடாது. தலைவர் நல்லவராக இருந்தாலும் கூடாது. ஒரு டிவிஷனுக்கு மூன்று பேர் போதும். கமிட்டியில் இருந்து ஒருவர், மாதர் பிரிவில் இருந்து ஒருவர், இளைஞர் ஒருவர். இந்த மூவரும் ஒரே லயத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். ஒரே குடும்பமாகவும் இருக்க வேண்டாம்.

இந்த மூவரும் முதலில் போய்ப் பேச வேண்டியவர்கள் யார் தெரியுமா? பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவர். எந்தப் பிள்ளை காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருகிறது என்று அவருக்குத் தெரியும். பாடசாலை ஆசிரியர். எந்தப் பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். லயத்துக் கடைக்காரர். யாருடைய கொப்பியில் கடன் நிறைந்து, வெட்கத்தில் கடைப் பக்கமே வராமல் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இவர்களிடம் மெதுவாக விசாரித்தால், கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெரட்டுக்களத்தில் நின்று, "உதவி தேவையானவர்கள் பெயர் கொடுங்கள்" என்று சத்தம் போட்டால் ரோஷமுள்ளவர்கள் வரமாட்டார்கள். உண்மையில் தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் ரோஷமுள்ளவர்கள்தான்.

இன்னும் மூன்று விஷயங்களை இங்கேயே பேசி முடிவு செய்துகொண்டு போவோம்.

முதலாவது, சந்தா. நமது தோட்டங்களில் ஒரு லயத்திலேயே மூன்று நான்கு சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பட்டியல் எழுதும்போது, "அவர் நமக்குச் சந்தா கட்டுகிறாரா" என்று கேட்கவே கூடாது. மற்றச் சங்கத்துத் தலைவர்களையும் கூப்பிட்டு, முடிந்தால் ஒரே நிதியாகச் செய்யுங்கள். அவர்கள் வராவிட்டாலும் அவர்களுடைய ஆட்களைப் பட்டியலில் இருந்து விடாதீர்கள். உதவியைக் காட்டி உறுப்பினர் சேர்க்கிற சங்கத்தை மக்கள் மதிக்கமாட்டார்கள்.

இரண்டாவது, குடி. "அந்த வீட்டுக்காரன் சம்பளத்தைச் சாராயக் கடையில் போடுகிறான், அவனுக்கு எதற்கு நம் காசு?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே? தகப்பன் குடிப்பதற்குப் பிள்ளை ஏன் பழைய சட்டையோடு தீபாவளி கொண்டாட வேண்டும்? அந்த வீட்டுக்குக் காசாகக் கொடுக்க வேண்டாம். பொருளாக, தாயின் கையில் கொடுங்கள்.

மூன்றாவது, மதம். தீபாவளி நிதி என்று பெயர் வைத்தாலும், நம்மோடு கொழுந்து எடுக்கிற கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறது, முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, சிங்களக் குடும்பமும் இருக்கிறது. அவர்களுடைய நத்தாருக்கும் நோன்புப் பெருநாளுக்கும் புத்தாண்டுக்கும் நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கஷ்டம் எந்த வீட்டில் இருந்தாலும் கஷ்டம்தான்.

காசு சேர்ப்பது எப்படி?

இப்போது காசு. "நம்மிடமே இல்லை, எங்கே இருந்து கொடுப்பது" என்று சிலர் கேட்கிறார்கள். நம் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா எப்படி நடக்கிறது? வீட்டுக்கு இவ்வளவு வரி என்று போட்டு, நாம் கொடுத்த காசில்தான் தேர் ஓடுகிறது. ஒரு சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் வந்து நிற்கிறது. பெட்டிக்கும் பந்தலுக்கும் யாரிடமும் கையேந்துவதில்லை. ஆகவே சேர்க்கத் தெரியாதவர்கள் இல்லை நாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு டிவிஷனில் 120 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 100 ரூபா. பத்து மாதத்தில் ஒரு குடும்பம் கொடுப்பது 1,000 ரூபா. மொத்தம் 1,20,000 ரூபா. இதில் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஆளுக்கு 10,000 ரூபா பெறுமதியான உதவி செய்யலாம். வெளியார் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்காமல் இதைச் செய்யலாம். இந்த வருடம் பத்து மாதம் இல்லை, ஏழு வாரம்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை இரண்டு சம்பளத்தில் சேர்ப்போம். வரும் தை மாதத்தில் இருந்து மாதா மாதம் சேர்க்கத் தொடங்குவோம்.

சேர்க்கும்போது கட்டாயப்படுத்தக் கூடாது. முடியாதவர் கொடுக்க வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் எழுதி ஒட்டவும் கூடாது. 1,000 கொடுத்தவர் பெயர் மேலே, 20 கொடுத்தவர் பெயர் கீழே என்று வந்தால் 20 ரூபாக்காரர் அடுத்த வருடம் ஒளிந்துகொள்வார். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பற்றுச்சீட்டு. காசைத் தனி ஒருவர் வீட்டில் வைக்க வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் வங்கியில் கணக்குத் திறந்து போடுங்கள். ஆள் நல்லவரோ கெட்டவரோ, காசு வங்கியில் இருந்தால் அவர் மேல் பழி வராது.

கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்கிற நமது பிள்ளைகளுக்கும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். கொடுக்க மனமிருந்தும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பலர் இருக்கிறார்கள். டவுன் முதலாளிமாரிடம் நன்கொடை கேட்பதைவிட விலை கேளுங்கள். "பன்னிரண்டு வீட்டுக்கு அரிசி, மா, சீனி, எண்ணெய், பருப்பு மொத்தமாக எடுக்கிறோம், மொத்த விலைக்குக் கொடுங்கள்" என்று சொன்னால் அது வியாபாரம். அதில் நமக்கும் கௌரவம், அவருக்கும் கௌரவம்.

வெளியே இருந்து வரும் உதவியைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். அரசியல்வாதி கொடுக்கலாம், கம்பனி கொடுக்கலாம், தொண்டு நிறுவனம் கொடுக்கலாம். வாங்குவோம். ஆனால் நிபந்தனை நம்முடையது. பட்டியலை நாம் எழுதுவோம், பொருளை நாம் பிரிப்போம், பையில் யாருடைய முகமும் அச்சடித்திருக்கக் கூடாது. இதற்குச் சம்மதிக்காத உதவியை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

காசு கொடுக்க முடியாதவர்கள் கையைக் கொடுக்கலாம். தையல் மெஷின் உள்ள அக்காமார் பிள்ளைகளுக்கு இரண்டு கவுன், ஒரு காற்சட்டை தைத்துக் கொடுக்கலாம். இளைஞர்கள் ஒரு பாட்டியின் காம்பிராவுக்கு வெள்ளையடித்து, ஒழுகுகிற தகரத்துக்குத் தார் பூசலாம். ஐப்பசி மழையில் ஒழுகாத கூரை ஒரு பை அரிசிக்குக் குறைந்ததா?

பலகாரத் தட்டு

அடுத்தது, என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது. இங்கே தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். தீபாவளி அன்றைக்குக் காலையில் நமது லயத்தில் என்ன நடக்கும்? எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு முடிந்ததும், பிள்ளைகள் கையில் தட்டைக் கொடுத்து அனுப்புவோம். முறுக்கு, பணியாரம், வடை ஒரு தட்டில் இந்த வீட்டில் இருந்து அந்த வீட்டுக்குப் போகும். அங்கே இருந்து இன்னொரு தட்டு நமது வீட்டுக்கு வரும்.

பலகாரம் சுடாத வீட்டில் என்ன நடக்கும்? தட்டு வரும். திருப்பி அனுப்ப ஒன்றும் இருக்காது. அந்தத் தாய் வெறும் தட்டைக் கழுவி, அதில் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்து அனுப்புவாள். சிலர் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "டவுனுக்குப் போகிறோம்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தட்டு வரக் கூடாது என்பதற்காகத்தான் போகிறார்கள். பசியைத் தாங்கிக்கொள்கிறவர்கள்கூட இதைத் தாங்கமாட்டார்கள்.

ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் அந்தியில் கொண்டுபோய்ச் சுட்ட பலகாரத்தைக் கொடுப்பது பாதி உதவிதான். மாவும் எண்ணெயும் சீனியும் உளுந்தும் பத்து நாளைக்கு முன்னமே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வீட்டு அடுப்பிலும் பலகாரம் வேக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையும் தட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். நாம் கொடுக்கிற உதவி அந்தக் குடும்பத்தையும் கொடுக்க வைக்க வேண்டும். இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

துணி விஷயத்திலும் அப்படித்தான். ஒரே கலரில் இருபது சட்டை வாங்கிக் கொடுத்தால், கோயிலில் அந்தச் சட்டையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், இது உதவிச் சட்டை என்று. டவுன் துணிக்கடையில் பேசி, இவ்வளவு ரூபாவுக்கு என்று ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைக்குப் பிடித்ததை எடுக்கட்டும். பாவித்த துணி கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, பண்டிகை இல்லாத ஒரு நாளில் கொடுங்கள். தீபாவளிக்கு வேண்டாம்.

போட்டோ வேண்டாம்

இளைஞர்கள் கோபிக்கக் கூடாது. போனை வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் நீங்கள்தான். பை கொடுக்கும்போது போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடும் வழக்கத்தை இந்த வருடத்தோடு நிறுத்துவோம். வெளியில் உள்ள கொடையாளிக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று சொல்கிறீர்கள். ஆதாரம் காட்டத்தான் வேண்டும். பொருள் வாங்கிய கடைப் பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். கட்டி வைத்த பைகளைப் படம் எடுங்கள். வெள்ளையடித்த சுவரைப் படம் எடுங்கள். வாங்குகிறவர் முகத்தை எடுக்காதீர்கள்.

ஒரு பெண் பிள்ளை. பெயரும் தோட்டமும் வேண்டாம். உயர்தரம் படிக்கிறாள். அவள் அம்மா பை வாங்குகிற படம் வட்ஸ்அப்பில் வகுப்புப் பிள்ளைகள் கையில் போய்விட்டது. அடுத்த வாரம் முழுக்க அவள் பாடசாலைக்குப் போகவில்லை. அந்தப் பையில் இருந்த அரிசி நாலு நாளில் முடிந்திருக்கும். அந்தப் படம் இன்னும் யாராவது ஒருவர் போனில் இருக்கும்.

மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பெயர் வாசிக்க வேண்டாம். பொழுது பட்ட பிறகு, பக்கத்து லயத்து அக்காமார் இரண்டு பேர் சும்மா பேசப் போகிற மாதிரிப் போய்க் கொடுத்துவிட்டு வரட்டும். "சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்தது, உங்கள் பங்கு இது" என்று சொன்னால் போதும். போன வருடம் முடிந்தபோது அவரும் இந்த நிதிக்குக் கொடுத்திருப்பார். அடுத்த வருடம் திரும்பவும் கொடுப்பார். அவர் பங்கு என்று சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

பெயரைத்தான் மறைக்கிறோம். கணக்கை மறைக்கக் கூடாது. தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குள் கோயில் முற்றத்திலோ பெரட்டுக்களத்திலோ கணக்கை வாசியுங்கள். எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம், எத்தனை குடும்பத்துக்குப் போனது, எவ்வளவு மிச்சம். குடும்பங்களின் எண்ணிக்கையைச் சொன்னால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். பில்களை ஒரு பைலில் போட்டு, கேட்கிறவர் பார்க்கும்படி வையுங்கள். மிச்சக் காசைப் பகிர்ந்து முடிக்காதீர்கள். குளவி கொட்டினவரை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்கு அது உதவும்.

பையோடு முடிந்துவிடாது

கடைசியாக ஒன்று. நாம் தொழிற்சங்கம். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தது, நமக்குத் தருமம் வாங்கித் தருவதற்காக இல்லை. உழைப்புக்கு நியாயமான கூலி கேட்பதற்காக. அதனால் பண்டிகைப் பையை நாம் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும்.

2015இல் நாட் சம்பளம் 1,000 ரூபா கேட்கத் தொடங்கினோம். அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அதுவும் 900 ரூபா அடிப்படை, 100 ரூபா வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. அடுத்த வருடமே விலைவாசி என்ன ஆனது? 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. ரொட்டி சுடுகிற மாவுக்கே நாம் திண்டாடினோம். அந்தத் தீபாவளிக்கு எத்தனை பை கொடுத்திருந்தாலும் அந்த ஓட்டையை அடைத்திருக்க முடியாது. சம்பளம் போதாத இடத்தில் பை ஒரு ஒத்தாசைதான். கம்பனியும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை நாம் உண்டியல் குலுக்கிச் செய்துவிட்டால், அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 22 தீபாவளி. ஏழு நாள் கழித்து, 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நாட்களில் நாடு முழுவதிலும் இருந்து உதவி வந்தது. அது நல்ல மனங்களின் வேலை. ஆனால் உயிர் தப்பியவர்கள் புது வீட்டுக்கு 2016 வரை காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து மலையகத்தில் மண் சரிந்தபோதும் சோற்றுப் பார்சலும் துணியும் கொண்டு வர மக்கள் ஓடி வந்தார்கள். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் பார்சலில் வராது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், நாம் எழுதப்போகிற பட்டியல் தீபாவளியோடு கிழித்துப் போடுகிற காகிதம் இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இன்னொரு கேள்வியை எழுதுங்கள். இந்த வீடு ஏன் இந்த நிலைக்கு வந்தது, எந்தக் காகிதம் இல்லாமல் நிற்கிறது?

அஸ்வெசும கிடைக்கவில்லையா? விண்ணப்பித்தார்களா, விண்ணப்பித்தும் பெயர் வரவில்லையா, மேன்முறையீடு செய்தார்களா? 70 வயதைக் கடந்த பாட்டிக்கு முதியோர் கொடுப்பனவு வருகிறதா? நடக்க முடியாதவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உள்ள கொடுப்பனவுக்குப் பதிந்திருக்கிறார்களா? ஓய்வு பெற்றும் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி எடுக்காமல் யாராவது இருக்கிறார்களா? பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் அந்தக் காசு நின்றுபோயிருக்கிறதா? பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா? நமது மக்களில் ஒரு பெரும் பகுதி 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் வருடச் சட்டம் வரும் வரைக்கும் அலைந்தவர்கள். அந்த அலைச்சலின் மிச்சம் இன்னும் சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகப் பாட்டிக்குப் பயம். படிவம் நமது மொழியில் இருந்தாலும் நிரப்பத் தெரியாது. ஒரு நாள் பேரும் போய்விடும், பஸ் காசும் போய்விடும். இளைஞர் பிரதிநிதிகளே, உங்களிடம் கேட்பது இதுதான். தீபாவளி முடிந்த ஒரு மாதத்துக்குள், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து, கூடவே போய், ஒரு காகிதத்தையாவது முடித்துக் கொடுங்கள். பஸ் காசு நிதியில் இருந்து போகட்டும். பன்னிரண்டு வீட்டில் நான்கு வீட்டுக்கு மாதா மாதக் கொடுப்பனவு கிடைக்கத் தொடங்கினாலும் போதும். அடுத்த வருடம் பட்டியலில் அந்த நான்கு பெயர் இருக்காது. அவர்களும் நம்மோடு சேர்ந்து நூறு ரூபா கொடுக்கிறவர்களாக இருப்பார்கள்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் டிவிஷனுக்கு மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் விசாரித்துப் பட்டியலை எழுதி முடியுங்கள். வருகிற இரண்டு சம்பளத்திலும் பற்றுச்சீட்டோடு காசு சேருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகப் பொருள்கள் வீடுகளுக்குப் போய்விட வேண்டும். பண்டிகை முடிந்த வாரத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் காகித வேலை தொடங்க வேண்டும். ஒவ்வொரு டிவிஷனும் என்ன செய்தது என்று கார்த்திகை மாதக் கூட்டத்தில் இதே இடத்தில் கேட்போம்.

எல்லா வீட்டிலும் அடுப்பு எரியட்டும், எல்லா வாசலுக்கும் தட்டு போய் வரட்டும்.